சாவி கொடுக்கும் தங்க முலாம் வாட்ச்: கடற்கரைக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கீழக்கரையில் முப்பது வருடத்துக்கு மேலாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன், பழசைச் சேர்த்தும் வைக்கிறேன். நம் கரையில் பீரோவைத் திறந்தால் ஒரு பழைய வாட்ச் கிடைக்காத வீடு குறைவு. கொழும்பு, சிங்கப்பூர், மலேயா, அப்புறம் வளைகுடா என்று போனவர்கள் கொண்டுவந்தவை. அதில் என் மனதுக்கு நெருக்கமானது மெல்லிய டிரஸ் வாட்ச்: 32 முதல் 36 மில்லிமீட்டர், தங்க முலாம், தோல் ஸ்ட்ராப், தினமும் சாவி கொடுக்க வேண்டியது. இந்த வகை பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தங்கச்சிமடம்: அண்ணே, தாத்தா தனுஷ்கோடியில் கப்பல் ஏறி கொழும்பு போய்வந்த காலத்தில் வாங்கிய சுவிஸ் வாட்ச் இருக்கிறது. பத்தர் உரைகல்லில் உரசிப் பார்த்து ‘தங்கம்தான்’ என்கிறார். நிஜமாகவே தங்கமா?

தம்பி, முதலில் ஒன்று. இனிமேல் யாரையும் உரச விடாதீர்கள். உரைகல் மேல்தோலை மட்டும்தான் சொல்லும். முலாம் போட்டதும் கல்லில் தங்கமாகத்தான் தெரியும், ஒவ்வொரு உரசலிலும் அந்தத் தோல் கொஞ்சம் போய்விடும்.

பின்மூடியைப் படியுங்கள், உள்பக்கத்தையும் சேர்த்து. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் மேலே இருப்பது பெரும்பாலும் முலாம் அல்லது தகடு. ‘10 மைக்ரான்ஸ்’, ‘20 மைக்ரான்ஸ்’, ‘பிளாக்கே’ என்று இருந்தால் முலாம் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. அமெரிக்கக் கேஸ்களில், அதாவது வாட்ச் கூடுகளில், ‘கோல்டு ஃபில்டு’ என்றோ ‘ஜி.எஃப்.’ என்றோ இருக்கும். அது பித்தளை மேல் தங்கத் தகட்டை வைத்து அழுத்தியது, முலாமைவிடக் கனமானது. முழுத் தங்கம் என்றால் ‘18கே’ அல்லது 750 என்ற எண் இருக்கும். அந்தக் காலத்து சுவிஸ் கேஸ் என்றால் கூடவே ஒரு பெண் தலை முத்திரையும் இருக்கும். 14 காரட்டில் 585 என்ற எண்ணும் அணில் முத்திரையும்.

எவ்வளவு தங்கம் தேறும் என்றும் கேட்பீர்கள். 34 மில்லிமீட்டர் கேஸில் முலாம் ஏறிய வெளிப்பரப்பு சுமார் 12 முதல் 15 சதுர சென்டிமீட்டர். 20 மைக்ரான் என்றால் 0.002 சென்டிமீட்டர் கனம், தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். தங்கத்தின் அடர்த்தியோடு பெருக்கிப் பாருங்கள், சுமார் அரை கிராம்தான் வரும். 10 மைக்ரான் என்றால் சுமார் கால் கிராம். பவுன் 8 கிராம் என்பதை நினைத்துக்கொண்டு, உருக்கக் கேட்பவரிடமிருந்து வாட்சை வாங்கி வீட்டில் வையுங்கள். அதன் மதிப்பு டயலிலும் மெஷினிலும் தாத்தாவிடமும் இருக்கிறது.

கீழக்கரை: காக்கா, ஆண்கள் தங்கம் அணியக் கூடாது என்பது மார்க்கம். முலாம் வாட்ச் கட்டலாமா?

இதற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது மேலே சொன்ன கணக்கையும், கேஸின் உள்ளே இருப்பது பித்தளைதான் என்பதையும் சொல்லுங்கள். ‘கோல்டு வாட்ச்’ என்று மட்டும் சொன்னால் அவர் முழுத் தங்கம் என்று நினைத்துப் பதில் சொல்லிவிடலாம்.

மண்டபம்: ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் பச்சையாக ஏதோ படிகிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி. விளக்கு முழுக்கப் பித்தளை, தேயத் தேயப் புதுப் பித்தளை வரும். இங்கே தேய்ந்தால் தங்கம் போய்ப் பித்தளை வரும். சாம்பலும் பற்பசையும்கூட அப்படித்தான்.

அந்தப் பச்சை களிம்புதான். முலாமில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக வியர்வை உப்பும் கடற்காற்றின் உப்பும் பித்தளையைத் தொடுகின்றன. நேற்று என் மேஜைக்கு வந்த ஒரு வாட்சை லென்ஸில் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது. ஸ்ட்ராப்பைக் கழற்றினால், அதைப் பிடித்திருக்கும் நான்கு கால்களின் உள்மூலையிலும் கடுகு அளவு பச்சைப் புள்ளிகள். ஒரு புள்ளியைப் பல்குச்சி நுனியால் மெதுவாக நெருடினேன், மாவாக உதிர்ந்தது. அடியில் குண்டூசி முனை அளவுக்குக் குழி, குழியின் ஓரத்தில் முலாம் தோல்போல் உரிந்து நின்றது. அந்த இடம் எப்போதும் தோல் ஸ்ட்ராப்பின் ஈரத்தோடு ஒட்டியே இருக்கிறது, காற்றே படுவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்ட்ராப்பைக் கழற்றி, மரப் பல்குச்சியால் களிம்பை எடுத்து, காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வாட்சைத் தண்ணீரில் காட்ட வேண்டாம். கட்டிய நாளெல்லாம் கழற்றியதும் துடைத்துவிடுங்கள். ஜும்ஆவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டினால் போதும், மீன் ஏலத்துக்கும் உப்பளத்துக்கும் வேறு வாட்ச் இருக்கட்டும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். ஸ்டீல் செயின் மாட்டாதீர்கள், அதன் முனை கால்களுக்கு நடுவே உரசியே முலாமைத் தின்றுவிடும்.

ஏர்வாடி: இணையத்தில் 1960களின் வாட்ச், ‘புத்தம் புதிது போல’ என்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

‘புத்தம் புதிது போல’ என்ற வார்த்தைதான் என்னைத் தயங்க வைக்கிறது. அறுபது வருடப் பழைய டயல் வெள்ளை வெளேரென்று இருந்தால், யாரோ பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்திருக்க வாய்ப்பு அதிகம். இதை ரீடயல் என்பார்கள். பழைய சுவிஸ் வாட்சிலும் எச்.எம்.டி.யிலும் நம் நாட்டுச் சந்தையில் இது ஏராளம். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்.எம்.டி.க்கு இன்று ஆசைப்படுகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் கலர் கலராக டயல் அடித்து விற்கிறார்கள்.

விற்பவரிடம் டயலைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். கம்பெனிப் பெயரின் எழுத்து தடித்தும் ஓரம் கலங்கியும் இருக்கிறதா? நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக நிற்கின்றனவா? அடியில் ‘சுவிஸ் மேட்’ இருக்க வேண்டிய இடம் காலியா? நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடுகிறதா, பாதியில் நிற்கிறதா? மெஷின் படம் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேஸையும் பாருங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். தொழில் பழகிய புதிதில், எனக்கு வேலை கற்றுத்தந்த மாமாவின் வாட்சை மதுரையில் ஒரு முலாம் கடையில் புதுப்பிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நிறம் அருமையாக இருந்தது. ஆனால் கத்திமுனைபோல் இருந்த கால்களின் விளிம்பு, பாதி கரைந்த சோப்புக்கட்டிபோல் உருண்டுவிட்டது. பழைய தங்கத்தை எடுத்து, குழிகள் மறையும்வரை பித்தளையை மிஷினில் தேய்த்து, அதன்மேல் பூசியிருக்கிறார்கள். பூசியது ஒரு மைக்ரான்கூட இருந்திருக்காது, நம் வியர்வைக்கு ஒரே வருடத்தில் போய்விட்டது. தேய்ந்த பித்தளை திரும்பி வராது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, கையில் வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதனால் ஓரம் தேய்ந்து பித்தளை தெரிந்தாலும் அசலாக இருக்கும் வாட்சை வாங்குங்கள். மறுமுலாம் போட்டே ஆக வேண்டும் என்றால், எத்தனை மைக்ரான் என்று எழுதி வாங்குங்கள், மிஷினில் தேய்க்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

தொண்டி: வாப்பா தினமும் சுபுஹு தொழுதுவிட்டுத்தான் சாவி கொடுப்பார்கள். நான் ஒருநாள் அதிகமாகக் கொடுத்து நின்றுவிட்டது. ஸ்பிரிங் அறுந்திருக்குமா?

அறுந்திருந்தால் சாவி முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இறுகி நிற்கிறது என்றால் ஸ்பிரிங் நலம், பெரும்பாலும் ஆயில்தான் காய்ந்திருக்கும். முழுச்சாவி கொடுத்ததால் வாட்ச் நிற்பதில்லை. சர்வீஸுக்குக் கொடுங்கள். கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊர்களில் நான்கைந்து வருடம் தாங்கும், நம் கரையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நல்லது. வாப்பாவின் பழக்கம் மிகச் சரி: ஒரே நேரம், கையிலிருந்து கழற்றி, தடை தெரியும்வரை மட்டும்.

பாம்பன்: கட்டுமரத்தை இழுக்கும்போது வாட்ச் கடல் தண்ணீரில் நனைந்துவிட்டது அண்ணே. அரிசிப் பானையில் போட்டிருக்கிறேன்.

இப்போதே எடுங்கள். அரிசி ஈரத்தை இழுத்தாலும் உப்பு உள்ளேயே தங்கும். வெயிலில் காயவைத்தாலும் அப்படித்தான். உப்பு தங்கினால் சாவித் தண்டும் திருகுகளும் முதலில் துருப்பிடிக்கும், தலைமுடி மாதிரி இருக்கும் ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு புள்ளி துரு வந்தாலே நேரம் கெட்டுவிடும். இன்றைக்கே ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய், ‘கடல் தண்ணீர்’ என்று சொல்லி முழுவதும் பிரித்துக் கழுவச் சொல்லுங்கள். பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று இருந்தாலும் நம்பாதீர்கள், அந்த ரப்பர் வளையம் எப்போதோ கட்டையாகியிருக்கும்.

ராமநாதபுரம்: திடீரென்று ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது சார்.

காந்தம் ஏறியிருக்கலாம். திசைகாட்டியை வாட்ச் பக்கத்தில் கொண்டுபோங்கள், முள் ஆடினால் அதுதான். ஹேர் ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வேகம் கூடுகிறது. காந்தம் எடுக்கும் கருவியில் சில நொடி வேலை. இனி ஸ்பீக்கர் மேலும் காந்த மூடி போட்ட போன் கவர் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

தேவிபட்டினம்: டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று இருக்கிறது. அந்தக் கற்களுக்கு விலை உண்டா?

கிடையாது. எல்லாம் செயற்கை மாணிக்கம். சக்கரங்களின் முனை தேயாமல் சுழல்வதற்காக வைத்தவை. விற்க முடியாது என்றாலும் இந்த மெஷின் இத்தனை வருடம் ஓடுவது அவற்றால்தான்.

பெரியபட்டினம்: முள்ளில் பழுப்பு நிறப் பூச்சு இருக்கிறது. இருட்டில் ஒளிரவில்லை, சுரண்டிவிடலாமா?

சுரண்டாதீர்கள். 1960களிலோ அதற்கு முன்போ வந்தது என்றால் கதிர்வீச்சு உள்ள ரேடியமாக இருக்கலாம். ஒளி போயிருந்தாலும் ரேடியம் போகாது, அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும். தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. வாட்சைத் திறக்காமல், முதலில் ரிப்பேர்காரரிடம் சொல்லுங்கள்.

சாயல்குடி: மாமா, அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த சீக்கோ, தங்க முலாம். அவர் இல்லை இப்போது. எந்த வருடத்து வாட்ச் என்று தெரிந்துகொள்ளலாமா? ரிப்பேர் செய்தால் பழையது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பின்மூடியில் இருக்கும் வரிசை எண்ணின் முதல் எண் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்த எண் மாதத்தைக் குறிக்கும். 7, 4 என்று ஆரம்பித்தால் 1977 ஏப்ரலாகவோ 1987 ஏப்ரலாகவோ இருக்கலாம். எந்தப் பத்தாண்டு என்பதை மாடல் எண்ணை வைத்து முடிவு செய்யலாம். அத்தா எந்தப் பயணத்தில் வாங்கினார் என்று உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள், பல நேரம் அதுவே பதிலாகிவிடும்.

ரிப்பேர் தாராளமாகச் செய்யுங்கள் தங்கச்சி, கவனிக்காமல் கிடந்தால்தான் உள்ளே துரு ஏறும். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: டயலைத் தொடக் கூடாது, கேஸைப் பாலிஷ் போடக் கூடாது, கண்ணாடி மங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கொடுக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது, கழற்றிப் போட்ட பழைய பாகங்களையும் அந்தப் பழைய கண்ணாடியையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அத்தாவின் கை பட்ட கீறல் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கும்.