உளவியல் படித்தவருக்குப் போக்குவரத்துத் துறையில் என்ன வேலை?

உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் திடீரென்று ரயில், கார், சாலை என்று பேசுவதால் அவள் குழம்பிப்போயிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் சொல்லும் துறை, அதாவது மனித இயல்புக்கு ஏற்ப வாகனங்களையும் பயணத்தையும் அமைக்கும் துறை, ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக இருக்கிறது. வெளியே பெயர் தெரியாத துறை, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சில, ஒழுங்காகத் தரையிறங்கிய பிறகு வயிறு தேய்ந்து சேதமாயின. இறக்கை மடல்களை மடக்க நினைத்த விமானி, சக்கரங்களை மடக்கியிருந்தார். விமானியின் கவனக்குறைவு என்று கோப்பை மூடியிருக்கலாம். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் ஒரே மாதிரி, அடுத்தடுத்து இருந்தன. ஒன்றுக்குச் சக்கர வடிவமும் மற்றதற்கு ஆப்பு வடிவமும் கொடுக்கச் சொன்னார். கை தொட்டதுமே எது எதுவென்று தெரிந்தது. சக்கர வடிவப் பிடி இன்றைய விமானங்களிலும் இருக்கிறது. தவறு செய்தவரைத் திட்டுவதற்கு முன், அந்தத் தவறு ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது என்று கேட்பதுதான் இந்தத் தொழில். மனிதக் காரணியியல், எர்கனாமிக்ஸ் என்று பல பெயர்களில் கற்பிக்கிறார்கள்.

மக்களைக் காரிலிருந்து பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாற்றப் பார்க்கும் பசுமைப் போக்குவரத்திலும் இதே கேள்விதான்: பழைய வழி ஏன் அவ்வளவு சுலபமாக இருக்கிறது? 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பல நிலையங்கள் மூடிக்கிடந்ததால் பயணிகள் வேறு வழி தேடினார்கள். எல்லாம் சரியான பிறகும் சுமார் 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று பயண அட்டைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். தினமும் போகும் வழியை நாம் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கால் பழகிய பக்கம் போகிறோம். காரை விட்டுப் பஸ்ஸில் ஏறுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவதைவிட, பழக்கம் தானாகவே உடையும் நேரத்தில், அதாவது ஒருவர் வீடு மாறும் வாரத்தில், அவர் கையில் இலவச டிக்கெட்டைக் கொடுப்பது மேல். சுவரொட்டிகள்மீது எனக்கு எப்போதுமே பெரிய நம்பிக்கை இல்லை.

சரி, வேலை? ரயில், விமான நிறுவனங்கள், வாகன வடிவமைப்புக் குழுக்கள், விபத்து விசாரணை அமைப்புகள், நகரப் போக்குவரத்துத் திட்டமிடல் ஆகியவற்றில் இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'உளவியலாளர்' என்ற சொல்லைத் தேடினால் ஏமாற்றம்தான். பாதுகாப்பு ஆய்வாளர், பயனர் ஆய்வாளர், பயண நடத்தை ஆய்வாளர் என்றெல்லாம்தான் போட்டிருப்பார்கள். இளநிலைப் பட்டம் மட்டும் போதாது; எர்கனாமிக்ஸிலோ போக்குவரத்துத் திட்டமிடலிலோ முதுநிலைப் படிப்பு வேண்டியிருக்கும். மனநல சிகிச்சை தனிப் பாதை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் கவலைப்படுவது ஒன்றைப் பற்றித்தான்: புள்ளியியல். அந்தத் தாளை அவள் ஒப்புக்குப் படித்துத் தேறுகிறாளா, விரும்பிப் படிக்கிறாளா? அது இல்லாமல் இந்தத் துறையில் யாரும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

கல்லூரி தேடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். பரபரப்பான ஒரு பாதசாரிக் கடவைக்கு அருகே ஒரு மணி நேரம் நின்று, சிவப்பு விளக்கில் கடப்பவர்களை எண்ணட்டும். எத்தனை நொடி காத்திருந்த பிறகு பொறுமை இழந்தார்கள் என்றும் குறிக்கட்டும். மறுநாளும் அவளாகவே கிளம்பிப் போனால் எனக்கு எழுதுங்கள். முதுநிலைப் படிப்பைப் பற்றி அப்போது பேசுவோம்.