கணக்குக் கேட்காத ஏழு வருடம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டு மின் இணைப்பு இன்னும் பாட்டையா பெயரில்தான் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பெரிய தொகை பில் வந்தது. பிரிவு அலுவலகத்தில் சொல்லிப் பலனில்லை. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாமா? ஓய்வுபெற்ற அதிகாரிகளை உட்காரவைத்து, விலையேற்றத்துக்கு முத்திரை குத்தத்தானே அது இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பில் தகராறுக்கு ஆணையம் வரை போக வேண்டாம். உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு, எழுத்தில் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர். இரண்டும் 2003 மின்சாரச் சட்டம் தந்த வழிகள். பெயர் மாற்றத்துக்குப் பங்காளிகளிடம் கையெழுத்து வாங்குவது உங்கள் சாமர்த்தியம். ஓய்வுபெற்ற அதிகாரிகள் பேச்சை விடுங்கள்.

முத்திரை என்றீர்களே, அதை விட மாட்டேன். 1957-ல் மின்சார வாரியம் பிறந்த நாளிலிருந்து கட்டண முடிவெல்லாம் கோட்டையில்தான். ஒழுங்குமுறை ஆணையங்களுக்கான மத்தியச் சட்டம் 1998-ல் வந்து, 1999-ல் இங்கே ஆணையம் அமைந்த பிறகுதான், கட்டணம் உயர்த்த வேண்டுமென்றால் மனுப் போடு, செலவுக் கணக்கைக் காட்டு, பத்திரிகையில் அறிவி, ஜனங்களின் ஆட்சேபனையைக் கேள் என்ற முறை வந்தது.

எங்கள் வீட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது, அப்பச்சி பட்டாலையில் கணக்கு நோட்டை விரித்துவிடுவார். வெள்ளையடித்த கூலி, காவல்காரர் சம்பளம், நூல் கட்டிய மின்சார அட்டைக் கட்டு எல்லாம் கைமாறும். "கணக்கெதுக்கண்ணே, உங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் ஒரு சித்தப்பா. "இருக்கட்டும், நீ படி" என்று நோட்டை அவர் மடியில் வைத்தார் அப்பச்சி. படித்து முடிக்கும்வரை இலை போடவில்லை.

அந்த நோட்டைத்தான் நம் மாநிலத்தில் ஏழு வருடம் யாரும் விரிக்கவில்லை. ஆணையத்தின் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில். அடுத்தது 2010 ஜூலையில்! கட்டணம் ஏறவில்லை என்று நாமும் சந்தோஷமாக இருந்தோம். வாரியத்தின் நஷ்டம் அடியில் சேர்ந்துகொண்டே இருந்தது. மனு வராவிட்டால் ஆணையங்கள் தாமாகவே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. 2012 மார்ச்சில் சராசரியாக 37 சதவீதம் ஏறியது. அன்று கூப்பாடு போட்டவர்களில் எத்தனை பேர் அதற்குமுன், "கணக்கு எங்கே?" என்று ஒரு தபால் போட்டிருப்பார்கள்? ஆணையம் முத்திரை குத்தியதைவிட, கேட்காமல் சும்மா இருந்ததுதான் பெரிய குற்றம். அதில் நமக்கும் பங்குண்டு தம்பி, உங்களுக்கும்தான்.

2022 ஆகஸ்டில் மதுரையிலேயே கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். போனீர்களா? கோபம் நியாயமானது, அதை எனக்கு மட்டும் எழுதி என்ன பிரயோஜனம்? அடுத்த மனு அறிவிப்பு வந்ததும் உங்கள் ஆட்சேபனையைத் தமிழிலேயே எழுதி, தேதி போட்டுப் பதிவுத் தபாலில் ஆணையச் செயலாளருக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒரு நகல் வையுங்கள்.