படைத்தளம் விரியும்போது ஊர் என்ன செய்ய வேண்டும்? கேள்வி பதில்

அமெரிக்காவில் படைத்தளங்களை ஒட்டிய வட்டாரங்களில் மக்கள்தொகைப் பெருக்கத்துக்குத் திட்டமிடும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தளத்துக்குப் புதிய படைப்பிரிவு வரவிருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படிக் கணிப்பது?

பதில்: அறிவிப்பில் பெரும்பாலும் படைவீரர்களின் எண்ணிக்கைதான் முன்னால் நிற்கும். அவர்களுடைய துணைவர், குழந்தைகள், தளத்தில் வேலை செய்யும் படைவீரரல்லாத பணியாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், இவர்களை நம்பிக் கடை திறக்க வருபவர்கள் என ஒவ்வொரு பிரிவையும் தனியே கணக்கிட்டு, எந்த ஆண்டில் எத்தனை பேர் என்று பிரித்து எழுத வேண்டும். வீரர்களில் பெரும்பாலோர் இளவயதினர், அவர்களின் குழந்தைகளும் சிறியவர்கள் என்பதால் நெருக்கடி முதலில் தொடக்கப் பள்ளியில்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அறிவித்த எண்ணை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஜப்பானின் ஒக்கினாவா தீவிலிருந்து அமெரிக்காவின் மரைன் படைவீரர்கள் 8,000 பேரும் குடும்பத்தினர் 9,000 பேரும் பசிபிக்கிலுள்ள அமெரிக்கத் தீவான குவாமுக்கு மாறுவார்கள் என்று 2006இல் முடிவாயிற்று. 2012இல் அந்தக் கணக்கு ஏறத்தாழ 5,000 வீரர்கள், 1,300 குடும்பத்தினர் என்று சுருங்கியது. வீரர்களின் இடமாற்றம் தொடங்கியதே 2024 டிசம்பரில்தான், அதுவும் சுமார் நூறு பேருடன்.

கேள்வி: நான் பள்ளி வாரிய உறுப்பினர். கூடுதல் குழந்தைகளுக்குக் கூட்டாட்சி அரசு பணம் தருமல்லவா?

பதில்: தரும், ஆனால் நீங்கள் நினைக்கும் நேரத்தில் தராது. தளத்தின் நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது என்பதால், அந்த இழப்பை ஈடுகட்ட 1950 முதல் பள்ளிகளுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதன் கணக்கில் தளத்துக்குள் குடியிருக்கும் வீரரின் குழந்தை 1 என்றால், வெளியே குடியிருக்கும் வீரரின் குழந்தை 0.2 மட்டுமே. வீரர் குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியேதான் குடியிருக்கின்றன. குழந்தைகள் வந்து, எண்ணப்பட்டு, விண்ணப்பம் போன பிறகே பணம் வரும். வகுப்பறையோ அவர்கள் வரும் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கு மாநில அரசுடன் இப்போதே பேசுங்கள்.

கேள்வி: சாலைகளை விரிவாக்கும் பொறுப்பு படைத்துறைக்கு இல்லையா?

பதில்: தளத்தை அடையும் சாலைகளுக்கென ஒரு நிதித்திட்டம் இருக்கிறது. ஆனால் போக்குவரத்து இரட்டிப்பாக வேண்டும் என்பது நெடுங்காலம் அதன் அளவுகோல்களில் ஒன்றாக இருந்தது. ஏற்கெனவே நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் அது நடவாத காரியமாக இருந்தது. படைத்தளங்களை மூடியும் இணைத்தும் மாற்றியமைத்த 2005இன் தள மறுசீரமைப்பு 2011 செப்டம்பர் 15க்குள் முடிய வேண்டும் என்று சட்டம் நாள் குறித்தது. அதன்படி வாஷிங்டனிலிருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை, அருகிலுள்ள மேரிலாந்தின் பெதெஸ்டாவுக்குக் குறித்த காலத்தில் மாறியது. பெரிய சாலைப் பணிகளோ அந்த ஆறு ஆண்டுகளுக்குள் அடங்குபவை அல்ல.

கேள்வி: புதிய மனைப்பிரிவுகளுக்கு நகராட்சி கடன்பத்திரம் வெளியிடலாமா? வருபவர்களின் எண்ணிக்கை உறுதியானதுதானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அத்துடன் கன்சாஸின் ஜங்ஷன் சிட்டியையும் பாருங்கள். அருகிலுள்ள ஃபோர்ட் ரைலி படைத்தளம் வளர்கிறது என்று கடன் வாங்கிச் சாலையும் குழாயும் போட்ட அந்த ஊர், எதிர்பார்த்த அளவுக்கு வீடுகள் எழாததால் பல ஆண்டுகள் அந்தச் சுமையைத் தாங்கியது.

கேள்வி: ஓடுபாதையின் எல்லையை ஒட்டி எனக்குப் பரம்பரை நிலம் உண்டு. வீட்டுத் தேவை பெருகும் நேரத்தில் அங்கே வீடு கட்டக் கூடாது என்று சொல்ல உங்களைப் போன்றவர்களுக்கு என்ன உரிமை?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆயினும் கேளுங்கள். ஓடுபாதையின் முனையிலிருந்து 3,000 அடி வெற்றிடமாகவும், அடுத்த 5,000 அடி, அதற்கும் அடுத்த 7,000 அடி விபத்து நேரக்கூடிய இரு நிலைப் பகுதிகளாகவும் குறிக்கப்படுகின்றன. விபத்துகள் பெரும்பாலும் ஓடுபாதையின் அருகிலேயே நிகழ்கின்றன என்பதே காரணம். வர்ஜீனியா பீச்சில் ஓஷியானா கடற்படை விமானதளத்தைச் சுற்றி வீடுகள் பெருகியபின், 2005இல் தள மறுசீரமைப்பு ஆணையம், முதல் விபத்துப் பகுதியின் வீடுகளைக் கையகப்படுத்தாவிட்டால் போர் விமானங்களை வேறிடத்துக்கு மாற்றப் பரிந்துரைத்தது. நகரம் அப்படிச் செய்யவில்லை. விற்க முன்வந்தவர்களிடம் வாங்கியும், புதிய கட்டடங்களை நிறுத்தியும் தளத்தைக் காத்துக்கொண்டது. 2012 ஏப்ரலில் ஒரு போர் விமானம் அந்நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் விழுந்தது. உயிரிழப்பு இல்லை, ஆனால் எப்போதும் அப்படியே இருக்கும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதே வாசகர்: விலை தராமல் தடுப்பது பறிப்பதற்குச் சமம் அல்லவா?

பதில்: இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஓஷியானாவில் நகரமும் மாநிலமும் செலவைப் பகிர்ந்துகொண்டன. கட்டும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்கி, நிலத்தை உங்களிடமே விடும் முறையும் உண்டு, அதைக் கேளுங்கள்.

மற்றொரு வாசகி: அப்படியானால் இவர் பண்ணையாகவே வைத்திருக்க வேண்டுமா?

பதில்: வேளாண்மையும், ஆட்கள் கூடாத சேமிப்புக் கிடங்கும் பொருந்தும், பள்ளியும் மருத்துவமனையும் பொருந்தா. தீர்மானம் தளம் விரிவதற்கு முன்னர் வர வேண்டும். வீடு எழுந்தபின் எடுக்கும் தீர்மானம் எல்லோரையும் காயப்படுத்துகிறது.

கேள்வி: தளத்துக்குள் மருத்துவமனை கட்டுவார்களா?

பதில்: கட்டாமலும் இருக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் டிரம் தளத்தில் மருத்துவமனை கிடையாது. வீரர் குடும்பங்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் மருத்துவமனைகளையே நாடுகின்றன. உங்கள் மருத்துவமனையின் படுக்கைகளைத் திட்டமிடல் கூட்டத்தின் முதல் நாளிலேயே கணக்கில் சேருங்கள்.

கேள்வி: எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. குறைந்த எண், நடுத்தர எண், அதிக எண் என்று மூன்றை வைத்துக்கொண்டு, குறைந்ததற்குக் கட்டுங்கள், அதிகத்துக்கு நிலத்தை ஒதுக்குங்கள்.

கேள்வி: என் மகன் படையில் சேர எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: இது என் துறை அன்று, ஆட்சேர்ப்பு அலுவலரிடம் கேளுங்கள்.