பனிக்கண்டத்தில் ஓட்டம்: மைத்ரி நிலையத்தில் ஓராண்டு தங்கியவரிடம் கொங்கு ஓட்டக்காரர்களின் கேள்விகள்

கேள்வி (கோபி): ஐயா, அண்டார்க்டிகாவில் வெளியே ஓட உண்மையிலேயே முடியுமா?

பதில்: முடியும். அங்குள்ள இந்திய ஆய்வு நிலையமான மைத்ரி, பனி மூடாத பாறைப்பகுதியான சிர்மாக்கர் சோலையில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பநிலை 0 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்பதால், காற்று அடங்கிய நாள்களில் பிரியதர்ஷினி ஏரிக்கரையில் மெல்லோட்டம் ஓடியிருக்கிறோம். நான் குளிரைவிட வியர்வைக்கே அதிகம் அஞ்சினேன். ஓடும்வரை உடல் சூடாக இருக்கும். நின்றதும் நனைந்த துணி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டுவிடும். ஆகவே புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும். பருத்திப் பனியனை உடலோடு ஒட்டி அணியவே கூடாது.

கேள்வி (திருப்பூர்): முப்பது ஆண்டுகளாகப் பனியன் தொழிலில் இருக்கிறேன். பருத்தியைப் போல வியர்வையை உறிஞ்சும் துணி ஏது? அதைக் குறை சொல்லலாமா?

பதில்: அண்ணா, பருத்தி உறிஞ்சும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. உறிஞ்சிய ஈரம் மெல்ல ஆவியாகி உடலைக் குளிர்விப்பதால்தான் சித்திரை வெயிலில் உங்கள் பனியனைப் போல் சுகமான உடுப்பு வேறில்லை. அங்கே அந்தக் குளிர்ச்சியே உயிருக்கு உலை வைக்கும். துணியின் இழைகளுக்கிடையே நிற்கும் காற்றுதான் நம்மைக் காப்பது. அந்த இடத்தில் நீர் புகுந்தால், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்துகிறது. பாலியெஸ்டர் இழை நீரைத் தன்னுள் வாங்காமல் வெளி அடுக்குக்குத் தள்ளும். மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். பாலியெஸ்டர் பின்னலும் உங்கள் ஊரிலேயே நடக்கிறதே.

கேள்வி (ஈரோடு): கம்பளி உடம்பில் குத்தும். பருத்தியை உள்ளே போட்டு, மேலே கம்பளி போட்டால் போதாதா?

பதில்: போதாது, தோலை ஒட்டிய துணி நனைவதுதான் சிக்கல். முதல் மாதத்தில் நானும் அப்படித்தான் அணிந்து, சுமையோடு மேடேறி, மூச்சு வாங்க நின்றேன். சிறிது நேரத்தில் விரல்கள் விறைத்து, கோட்டின் ஜிப்பை இழுக்கக்கூட முடியாமல் உடனிருந்தவர் இழுத்துவிட்டார். மெரினோ இழை மெல்லியது, குத்தாது.

கேள்வி (கரூர்): மைனஸ் எத்தனை பாகை வரை இருக்கும்?

பதில்: அக்கண்டத்தில் தரைநிலையத்தில் பதிவான மிகக் குறைந்த அளவு, 1983 ஜூலை 21 அன்று ரஷ்ய ஆய்வு நிலையமான வஸ்தோக்கில் மைனஸ் 89.2 பாகை. மைத்ரியில் அவ்வளவு இராது.

கேள்வி (பல்லடம்): மைனஸ் எத்தனையில் ஓடுவதை நிறுத்துவீர்கள்?

பதில்: பாகையை மட்டும் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள் என்பதே என் பதில். காற்று வீசினால் மைனஸ் 10 கூடக் கொடியது. பாகை பற்றி இனியும் கேட்க வேண்டாம்.

கேள்வி (கோவை): ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். தென்துருவத்தில் கிறிஸ்துமஸ் அன்று நடக்கும் ஓட்டத்துக்கு அந்தப் பயிற்சி போதுமா?

பதில்: அமெரிக்க நிலையத்தவர் துருவப் புள்ளியைச் சுற்றி ஓடும் சில கிலோமீட்டர் ஓட்டம் அது, எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்துவிடுவதால் உலகைச் சுற்றும் ஓட்டம் என்பார்கள். உங்கள் கால்கள் தாங்கும், மூச்சுதான் திணறும். துருவம் 2,835 மீட்டர் உயரத்தில், நம் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரையும் மிஞ்சி நிற்கிறது. அங்கே காற்றழுத்தமும் குறைவென்பதால் உடல் அதை இன்னும் உயரமாகவே உணரும்.

கேள்வி (உடுமலை): அங்கே வேலைக்குச் செல்ல என்ன வழி?

பதில்: கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): தனியாக ஓடலாமா?

பதில்: கூடாது. பெயரை எழுதிவைத்து, வாக்கி-டாக்கியோடு இருவராகத்தான் வெளியேறுவோம். கடுங்குளிரில் தோல் உறைந்துபோவதைப் பனிக்கடி என்போம்; அது வந்தால் மூக்கும் கன்னமும் முதலில் வெளுக்கும், வலிக்காது. உங்கள் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை மற்றவர் நின்று பார்க்க வேண்டும்.