கடல் உயிரியல் படிப்புக்கு ஓய்வுக்கால நிதியை எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியலும் கடல் சூழல் மண்டலங்களும் பயில விரும்புகிறாள். நான்கு ஆண்டுப் படிப்பு. பல்கலைக்கழகம் தந்த கட்டண அட்டவணைப்படி ஆகும் செலவில் பாதிக்கு என்னிடம் சேமிப்பு இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கல்விக் கடன் வாங்குவதா, ஓய்வுக்கால நிதியிலிருந்து எடுப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. எனக்கு வயது 52. கடனை அடைக்கும் அளவுக்கு இந்தப் படிப்பு சம்பாதித்துத் தருமா?

பதில்: ஓய்வுக்கால நிதியைத் தொடாதீர்கள், கடனே வாங்குங்கள். 52 வயதில் எடுக்கும் தொகையைத் திரும்பச் சேர்க்க உங்களுக்குப் பத்தாண்டுகளுக்குச் சற்றுக் குறையவோ கூடவோதான் கிடைக்கும். கடனை அடைக்க உங்கள் மகளுக்கு முழுப் பணிக்காலமும் முன்னால் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கடன், எந்த ஆண்டில் என்பதை முடிவு செய்யும் முன்பு, உங்கள் கணக்கின் அடிப்படையையே ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டண அட்டவணையில் வகுப்பறையும் ஆய்வகமும் இருக்கும். கடல் பெரும்பாலும் இருக்காது. படகு வாடகை, கடலோர ஆய்வு நிலையத்தில் தங்கும் செலவு, முக்குளிப்புப் பயிற்சி, அதற்கான மருத்துவப் பரிசோதனை, உடைகள், கருவிகள், கோடை விடுமுறையில் ஊதியமில்லாப் பயிற்சிப் பணிக்குச் சென்றுவரும் செலவு ஆகியவை இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேரும். இந்தத் துறையில் இது புதிய தலைவலியும் அல்ல. ஜெர்மானிய விலங்கியலாளர் ஆன்டன் டோர்ன் 1872-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கடல் ஆய்வு நிலையத்தை நிறுவியபோதே, அதை நடத்தும் பணத்துக்காக ஆய்வு மேசைகளை அரசுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆண்டு வாடகைக்கு விட்டார். வாடகை கட்டிய நிறுவனம் அனுப்பும் ஆய்வாளருக்கு மேசையும் வேதிப்பொருள்களும் அன்றன்று பிடித்த உயிரினங்களும் கிடைத்தன. போதாததற்குப் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் ஒன்றையும் வைத்து நுழைவுக்கட்டணம் வாங்கினார். நிதி ஆலோசகன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. உங்கள் மகள் சேரவிருக்கும் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, நான்கு ஆண்டுகளில் மொத்தம் எத்தனை நாள் களப்பணி, அந்த நாட்களுக்கான பணத்தை யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத துறையில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், சேமிப்பில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கென்று தனியே ஒதுக்க வேண்டும். ஆமைகளையோ பவளங்களையோ காப்பதாகச் சொல்லி, தன்னார்வலரிடமே கட்டணம் வாங்கும் இரண்டு வார முகாம்களை மட்டும் இந்த ஒதுக்கீட்டில் சேர்க்காதீர்கள். அவற்றில் பல சுற்றுலாவே.

இனி கடன். சேமிப்பை முதல் இரண்டு ஆண்டுகளுக்கும், கடனை இயன்றவரை கடைசி இரண்டு ஆண்டுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், படிக்கும் காலத்தில் தவணை கட்டாமல் அந்த வட்டி அசலோடு சேர்கிறது என்று கொள்வோம். 100 பங்குக் கடனை நான்கு ஆண்டுகளின் தொடக்கத்திலும் 25 பங்காகப் பிரித்து வாங்கினால், நான்காம் ஆண்டு முடிவில் அது சுமார் 128 ஆகியிருக்கும். அதே 100 பங்கை மூன்றாம், நான்காம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 50 பங்காக வாங்கினால் சுமார் 116-இல் நிற்கும். எடுக்காமல் வைத்திருக்கும் சேமிப்புக்கும் வட்டி வருமே என்று நீங்கள் கேட்கலாம். வரும், ஆனால் வைப்புக்கு வங்கி தரும் வட்டி கடனுக்கு அது வாங்கும் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவு. இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. கடல் உயிரியல் என்றதும் ஓங்கில்களையும் (டால்பின்களையும்) பவளத்திட்டுகளையும் மனத்தில் கண்டு சேரும் மாணவர், முதலாண்டு முடிவதற்குள் ஒரு மில்லிலிட்டர் கடல்நீர் மட்டுமே பிடிக்கும், 1000 சிறு கட்டங்கள் கீறப்பட்ட கண்ணாடித் தட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்து, கட்டம் கட்டமாக மிதவை உயிரிகளை எண்ணிக்கொண்டிருப்பார். சிலருக்கு அந்த எண்ணிக்கையிலேயே ஆர்வம் பற்றிக்கொள்ளும். சிலர் துறை மாற விரும்புவார்கள். மாற விரும்பும் நாளில் மகள் பெயரில் கடன் இல்லாமல் இருப்பது நல்லது. ஆகவே, முழுக் கடனுக்கும் தொடக்கத்திலேயே ஒப்புதல் பெற்று, பணத்தை மட்டும் பின்னால் எடுக்க வங்கி இசைகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடனின் உச்சவரம்பைக் கட்டணத்தை வைத்து நிர்ணயிக்காமல், முதல் சம்பளத்தை வைத்து நிர்ணயியுங்கள். மேலே சொன்ன 116 பங்கு, வேலை தேடும் ஓராண்டில் சுமார் 127 ஆகும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 1.7 பங்கு. வாங்கிய கடன் முதல் வேலையின் பத்து மாதச் சம்பளத்துக்குச் சமமாக இருந்தால், தவணை சம்பளத்தில் 17 சதவீதம். இருபது மாதச் சம்பளத்துக்குச் சமமாக இருந்தால் 34 சதவீதம். முன்னதைத் தாங்கலாம், பின்னதைத் தாங்குவது கடினம். இங்கே சம்பளம் என்று நான் சொல்வது பேராசிரியரின் சம்பளத்தை அல்ல; ஆய்வக உதவியாளர், மீன்பிடிப்புத் தரவு சேகரிப்பவர், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தின் இளநிலை ஊழியர் போன்றோரின் சம்பளத்தை. இந்த வேலைகளில் பல ஒரு திட்டத்தின் ஆயுள்வரை மட்டுமே நீடிக்கும் ஒப்பந்தப் பணிகள் என்பதால், இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையிலும் தவணை நிற்காமல் ஓட ஆறு மாதத் தவணைக்கான கையிருப்பு வேண்டும்.

படிப்பு சம்பாதித்துத் தருமா என்ற கேள்விக்கு, பட்டத்தின் பெயரை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. பவளத்திட்டுகள் கடலடிப் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கடல்வாழ் இனங்களில் சுமார் கால்பங்குக்கு அவையே வாழிடம். மாணவர்களின் மனமும் அங்கேதான் குவிகிறது. ஆகவே போட்டியும் அங்கேதான். மீன்வளர்ப்புப் பக்கம் திரும்புபவர்கள் குறைவு. ஆனால் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2022-இல் வளர்ப்பின் வழியே கிடைத்த நீர்வாழ் விலங்குகளின் அளவு 9.44 கோடி டன்னை எட்டி, முதன்முறையாகப் பிடிப்பின் அளவைத் தாண்டியது. புள்ளியியலும் நிரல் எழுதவும் தெரிந்தவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. கடல்களைக் கண்காணிக்கும் பன்னாட்டுத் திட்டமான ஆர்கோவின் ஏறத்தாழ 4000 மிதவைக் கருவிகள் பத்து நாட்களுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழம்வரை கடல்நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து அனுப்பும் தரவு எவருக்கும் இலவசம். படகு வாடகை கொடுக்க முடியாத மாணவியும் அதை வைத்து ஓர் ஆய்வேடு எழுதிவிடலாம். ஆகவே விருப்பப் பாடங்களில் இரண்டையாவது புள்ளியியல், தரவுப் பகுப்பாய்வு பக்கம் எடுக்கச் சொல்லுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு மட்டும் கடன் வாங்கவே வேண்டாம். ஊக்கத்தொகையோடு வரும் ஆய்வு இடம் கிடைத்தால் சேரட்டும்; கிடைக்காவிட்டால் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மீண்டும் முயலட்டும்.

கடைசியாக, கடன் பத்திரத்தில் நீங்கள் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட நேரலாம். அப்படியானால் மகள் பெயரில் கடன் தொகைக்கு ஈடான காலவரை ஆயுள் காப்பீடு ஒன்றை எடுத்துவிடுங்கள். இளம் வயதில் அதற்கான பிரிமியம் குறைவு. ஆனால் விலக்குகள் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்: பல பாலிசிகள் முக்குளிப்பு விபத்துகளை ஏற்பதில்லை, சில குறிப்பிட்ட ஆழம்வரை மட்டுமே ஏற்கும். விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கேள்விக்கு, படிப்பின் பகுதிதானே என்று நினைத்து ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். கடலில் இறங்கும் திட்டத்தை வெளிப்படையாக எழுதி, கூடுதல் பிரிமியம் கேட்டால் அதையும் களப்பணிக்கான ஒதுக்கீட்டிலிருந்து கட்டுங்கள்.