முன்னாடி குழாய் நின்னா பைப் ஆர்கன் ஆயிருமா?

உங்க லுத்தரன் சர்ச் பழைய போட்டோவுல ஆர்கன் முன்னாடி குழாய் தெரியுதே, அது பைப் ஆர்கனான்னு (குழாய்க்குள்ள காத்து ஊதி சத்தம் வர்றது) கேட்டிருக்கீங்க. அது பைப் ஆர்கனா இருக்காது, காலால மிதிச்சு வாசிக்கிற ரீடு ஆர்கனா (பித்தளை நாக்கு அதிர்ந்து சத்தம் வர்றது) இருக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தி. அந்தக் காலத்துல நிறைய ரீடு ஆர்கன்ல அழகுக்குன்னே சத்தம் வராத ஊமைக் குழாய் வச்சிருப்பாங்க.

வெஸ்ட்ரில (ஐயர் அங்கி மாத்துற ரூம்) கெடக்குன்னு நீங்க சொன்ன மரப்பெட்டியோட பின்பலகையைக் கழட்டுங்க, கரையான் இருக்கும் பாத்து. சின்னச் சின்னதா பித்தளை நாக்கு வரிசையா இருந்தா ரீடு, குழாய் சொருகுற வட்ட ஓட்டை சின்னதும் பெருசுமா இருந்தா பைப். பைப் ஆர்கனுக்கு அடிச்சுரத்துல திறந்த குழாய்னா கிட்டத்தட்ட 8 அடி, மூடி போட்டதுன்னா 4 அடி எடம் வேணும், போட்டோவுல அது நிக்குற எடத்துல அவ்ளோ உயரம் இருக்கா?

பெட்டி காலியா இருந்தா இதுல ஒண்ணும் தெரியாது. எங்க சபைல பித்தளையை எடைக்குப் போட்டுட்டாங்க, பழைய வரவுசெலவு நோட்டுலதான் பிடி கிடைச்சுது.