தனிப்பாடலை மறுப்பது தாழ்மையா?

சகோதரி, பெருமை வந்துவிடுமோ என்று பயந்து ஆராதனையில் தனிப்பாடலையே மறுத்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். பைபிளில் மத்தேயு 25-இல், எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்தை (அக்காலப் பெரும் பணத்தொகை) பயன்படுத்தாமல் புதைத்தவனும் பயந்துதான் புதைத்தான். அந்த ஒரே தாலந்து, கூலியாள் ஒருவனின் ஏறக்குறைய 20 வருடச் சம்பளம்!

தயவுசெய்து ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: தயங்கித் தயங்கிப் பாடினால் மூச்சு மேலோட்டமாகி, வரியின் கடைசியில் சுருதி இறங்கும், கேட்பவர்கள் பாட்டை விட்டுவிட்டு உங்கள் பதற்றத்தைத்தான் கவனிப்பார்கள். போனில் பதிவு செய்து, சுருதி இறங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, பாடகர் குழுத் தலைவரிடம் திருத்தம் கேளுங்கள். அவர் திருத்தும்போது மனம் சுருக்கென்றால், பெருமையை அங்கேதான் கவனிக்க வேண்டும்.

பாராட்டுக்கு, "நன்றி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" போதும். "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று நீட்டினால் பேச்சு உங்களையே சுற்றும்.